முத்திரை விழாத மின்சாரம்

அளவை அலுவலகத்தின் முன்கூடத்தில் ஒரு பெரிய கடிகாரம் இருக்கிறது. நன்றாகத்தான் ஓடுகிறது. ஆனால் அதன் முகத்தை எப்போதும் ஒரு துணி மூடியிருக்கும். சரியாக ஓடுகிறது என்று இதுவரை அதற்கு யாரும் சான்று கொடுக்கவில்லை. சான்றில்லாத கருவியைப் பார்த்து அளவை அலுவலக ஊழியர் நேரம் தெரிந்துகொண்டால் நாளைக்கு ஊர் என்ன பேசும்? எனவே மணி பார்க்க வேண்டியவர்கள் எதிர்வரிசைத் தேநீர்க் கடைக்குப் போய்ப் பார்ப்பார்கள். அப்படிப் போனவர்கள் உடனே திரும்பி வந்ததாக வரலாறு இல்லை.

இந்த அலுவலகத்தின் முத்திரை இல்லாமல் அந்த நகரத்தில் ஒரு தராசுத் தட்டு தாழாது, ஒரு பெட்ரோல் பங்க்கில் சொட்டு விழாது. மின்சார மீட்டர்களுக்கு முத்திரை போடுகிறவர் ஒரே ஒருவர்தான். மெல்லிய கம்பியைக் கோத்து, ஈயக்குண்டை வைத்து, இடுக்கியால் ஓர் அழுத்து. அதற்குப் பிறகு அந்த மீட்டரைக் கடவுளே வந்தாலும் திறக்கக் கூடாது. அவரை எல்லோரும் முத்திரைக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். பொய் சொல்ல வராத மனிதர். மகளுக்கு அரை பிஸ்கட் கொடுப்பதென்றால்கூட வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் உடைப்பார். இப்படிப்பட்டவர்களை நம்பித்தான் அலுவலகங்கள் நடக்கின்றன. அவர்களும் பதிலுக்கு அலுவலகத்தை நம்பிவிடும்போதுதான் சிக்கல்.

சிக்கல் ஓர் உரையில் தொடங்கியது. காற்று மாசுபடுவதைப் பற்றிய மாநாட்டுக்கு விமானத்தில் போய், விமானத்திலேயே திரும்பி வந்திருந்த இயக்குநர், ஊழியர்களைக் கூட்டி வைத்துப் பேசினார்.

"நண்பர்களே, பூமி சூடாகிறது. நான் என் அறையிலேயே அதை உணர்கிறேன். நேற்று ஏசியை இன்னும் கொஞ்சம் கூட்டி வைக்க வேண்டியதாகிவிட்டது. இந்த நிலை தொடரலாமா? நம்மில் எவர் முதலில் மின்சாரக் கார் வாங்குகிறாரோ, அவருக்காக இந்த வளாகத்திலேயே ஒரு சார்ஜர் அமைக்கப்படும். இது என் வாக்கு. என் வாக்குக்கு முத்திரை தேவையில்லை!"

கைதட்டல் எழுந்தது. தட்டி முடித்தவர்கள் மணி பார்க்கப் போனார்கள். உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்தபடி யோசித்தவர் முத்திரைக்காரர் மட்டும்தான். பக்கத்து நாற்காலியில் அவருடைய நண்பர், பசுமைப் பிரிவின் தலைவர். அவருக்குத் தராசு என்று பெயர். கனம் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் சாய்வார், அதனால் வந்த பெயர் என்று வேண்டாதவர்கள் சொன்னார்கள். வேண்டியவர்களும் அதையேதான் சொன்னார்கள்.

"வாங்குடா மாப்ள," என்றார் தராசு. "இந்த மாதிரி சான்ஸ் திரும்ப வராது."

"நீ ஏன்டா வாங்கல?"

"நான் பசுமைப் பிரிவுத் தலைவர்டா. நானே வாங்கினா சுயநலம்னு சொல்லிடுவாங்க. உனக்கு என்ன, நீ வாங்கினா தியாகம்."

முத்திரைக்காரருக்குத் தியாகத்தில் ஆசையில்லை. வீட்டுக்கு நேரத்தோடு போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான். மனைவி மருத்துவமனையில் இரவு நேரச் செவிலி. அவர் உள்ளே வந்தால்தான் அவள் வெளியே போக முடியும். நடுவில் குழந்தை கை மாறும். பேருந்து ஒருநாள் பறக்கும், ஒருநாள் படுக்கும். இப்போது குழந்தைகள் வார்டின் இரவுப் பொறுப்பு முழுவதையும் அவளுக்கே கொடுக்கப் போகிறார்கள். பல வருடம் காத்திருந்து வரும் பதவி. தாமதமாக மட்டும் வரக் கூடாது என்பது ஒரே நிபந்தனை.

வீட்டில் சார்ஜ் போட வழியில்லை. மேட்டுத் தெருவின் கோடியில், மாடியில் வாடகை வீடு. கீழே இருந்த வீட்டுக்காரர் தெளிவாகச் சொல்லிவிட்டார்: "நீங்க ஃபோன் சார்ஜ் போட்டாலே என் மீட்டர் தலைதெறிக்க ஓடுது. இதுல காரா?" அந்த மீட்டருக்கு முத்திரை போட்டதே இவர்தான் என்பது வீட்டுக்காரரின் சந்தேகத்தைக் கூட்டியதே தவிரக் குறைக்கவில்லை.

"ஆபீஸ்ல சார்ஜர் நிஜமா வருமா?" என்று கேட்டாள் மனைவி.

"இயக்குநரே மேடையில சொன்னாரு."

"மேடையிலதான் சொன்னாரா?" என்றாள் அவள். குரலில் அவநம்பிக்கை வழிந்தது.

"தராசு பக்கத்துலயே இருந்தான். அவன் பாத்துக்கறேன்னு சொல்லியிருக்கான்."

அவள் குழந்தையை இடுப்பு மாற்றி வைத்துக்கொண்டாள். "பாருங்க, உங்களை நம்பித்தான் அந்தப் பொறுப்பை ஏத்துக்கறேன். லேட்டானா என்னைத்தான் கேப்பாங்க. உங்க இயக்குநரைக் கூப்பிட்டுக் கேக்க மாட்டாங்க."

"நம்பு," என்றார் முத்திரைக்காரர். வாழ்க்கையில் அவர் சோதித்துப் பார்க்காமல் முத்திரை குத்திய முதல் பொருள் அதுதான்.

கூட்டுறவுக் கடனில் கார் வந்தது. வெள்ளைக் கார், சத்தமே இல்லை. சாவி கொடுத்த விற்பனையாளரிடம் "ஸ்டார்ட் ஆயிடுச்சா?" என்று கேட்டார். "ஆகி ரொம்ப நேரமாச்சு சார். நீங்கதான் போகணும்," என்று பதில் வந்தது. அலுவலகத்தில் இயக்குநர் அதில் ஏறி உட்கார்ந்து எல்லாப் பட்டன்களையும் அழுத்திப் பார்த்தார். இருக்கையைச் சூடாக்கும் பட்டனை அழுத்திவிட்டு அணைக்கத் தெரியாமல் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்து, பிறகு அவசரமாக இறங்கி, "எதிர்காலம் கதகதப்பாக இருக்கிறது," என்று அறிவித்தார். புகைப்படம் எடுத்தார்கள். படத்தில் இயக்குநரும் தராசும் காரும் நன்றாக விழுந்திருந்தார்கள். முத்திரைக்காரரின் முழங்கையும் விழுந்திருந்தது.

சொன்னபடி சார்ஜரும் வந்தது. வளாகச் சுவரில் திருகி மாட்டினார்கள். முத்திரைக்காரர் ஆசையோடு கேபிளைத் தூக்கிக்கொண்டு போனபோது தராசு ஓடி வந்து கையைப் பிடித்தார்.

"மாப்ள, நில்லு. இதுக்குள்ள மீட்டர் இருக்குடா."

"ஆமா. எவ்வளவு மின்சாரம் போச்சுன்னு தெரியணும்ல."

"அதுல முத்திரை இல்லையே."

முத்திரைக்காரர் சிரித்துவிட்டார். "இதுக்கா ஓடி வந்த? இடுக்கி கையிலேயே இருக்கு. போட்டுடறேன்."

தராசு சிரிக்கவில்லை. மறுநாள் கூடிய கூட்டத்தில் இயக்குநரும் சிரிக்கவில்லை.

"கார் யாருடையது? உங்களுடையது. மின்சாரம் யாருக்குப் போகிறது? உங்களுக்கு. அந்த மின்சாரத்தை அளக்கும் மீட்டருக்கு முத்திரை போடப் போவது யார்? நீங்கள்! வழக்குப் போட்டவரே தீர்ப்பும் எழுதலாமா?"

"சார், அப்போ வேற யாராவது போடட்டும்."

"மின் மீட்டர் இடுக்கி உங்கள் ஒருவர் பெயரில்தான் இருக்கிறது. பத்து பேரிடம் கொடுத்தால் முத்திரைக்கு என்ன மரியாதை?"

"முத்திரை போடற வரைக்கும் சும்மா சார்ஜ் போட்டுக்கலாமா சார்? கட்டடத்தோட மெயின் மீட்டர்தான் எல்லாத்தையும் அளக்குதே."

இயக்குநர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "எல்லாவற்றையும் சேர்த்து அளப்பது அளவே அல்ல. அது குத்துமதிப்பு. இந்த நாற்காலியில் நான் உட்கார்ந்திருக்கும்வரை இந்த வளாகத்தில் அளக்காமல் எதுவும் நடக்காது. என் பேச்சைத் தவிர." கடைசி வார்த்தைகளை நகைச்சுவையாகச் சொன்னார் போலும், தராசு மட்டும் சிரித்தார்.

விஷயத்தை ஆராய உபகுழு அமைந்தது. மின்சாரக் கார் வைத்திருப்பவர் நடுநிலையாக இருக்க முடியாது என்பதால், கார் ஓட்டவே தெரியாதவர்களாகப் பார்த்துச் சேர்த்தார்கள். சார்ஜர் என்றால் என்ன என்று விளக்க முத்திரைக்காரரை உள்ளே கூப்பிடுவார்கள். விளக்கியதும் வெளியே அனுப்பிவிட்டு, அவர் விளக்கியது நடுநிலையானதா என்று விவாதிப்பார்கள். பொது இடங்களில் மின்சாரக் கார்கள் எப்படிப் பயன்படுகின்றன என்று நேரில் கண்டறிய உபகுழு டீசல் வேனில் ஊரைச் சுற்றி வந்தது.

முத்திரைக்காரரும் ஊரைச் சுற்றிக்கொண்டுதான் இருந்தார். வீட்டிலும் சார்ஜ் இல்லை, ஆபீஸிலும் இல்லை. ஒரு வணிக வளாகத்தின் பின்புறம் இருந்த பொது சார்ஜர்களே கதி. ஃபோனில் பார்த்தால் எல்லாம் பச்சையாக, வா வா என்று கூப்பிடும். போய்ப் பார்த்தால் ஒன்றின்மேல் 'பழுது' என்று காகிதம் ஒட்டியிருக்கும். அடுத்ததற்கு முன்னால் ஒரு பெட்ரோல் வண்டி நிற்கும். உள்ளே ஓட்டுநர் இருக்கையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருப்பார்.

"அண்ணே, இது கரண்டு வண்டிக்கான இடம்."

"தெரியும் சார். இங்கதான் நிழல் இருக்கு."

மூன்றாவது வேலை செய்யும். ஆனால் வேண்டாவெறுப்பாகச் செய்யும். முக்கி முக்கி ஒரு சதவீதம் கொடுத்துவிட்டு மூச்சு வாங்கும். காத்திருக்கும்போது போவோர் வருவோர் எல்லாம் நின்று விசாரிப்பார்கள். "எவ்வளவு ஓடும் சார்?" "மழையில ஷாக் அடிக்காதா?" "நடுவழியில நின்னா தள்ளுவீங்களா, தூக்கிட்டுப் போவீங்களா?" முத்திரைக்காரர் ஒவ்வொருவருக்கும் உண்மையைச் சொன்னார். அதனால் அந்த வட்டாரத்தில் எவரும் மின்சாரக் கார் வாங்கவில்லை.

வீடு மேட்டில் இருந்தது. மேடேறினால் பேட்டரி மளமளவென்று இறங்கும். அதனால் ஏசியை அணைத்தார், பாட்டை அணைத்தார். ஜன்னலைத் திறந்தால் காற்று வண்டியைப் பிடித்து இழுக்கும் என்று யாரோ சொன்னதால் அதையும் மூடிக்கொண்டு வேர்த்து விறுவிறுத்து ஓட்டினார். பெரிய லாரிகளுக்குப் பின்னால் காற்று மறைவில் ஒட்டிக்கொண்டு போய், எதிர்காலத்தின் சுத்தமான காரில் உட்கார்ந்தபடி ஊரிலேயே அதிகப் புகையைக் குடித்தார். சாலை இறங்கும் இடத்தில் பேட்டரி ஒரு சதவீதம் ஏறிவிட்டால் போதும், பதவி உயர்வு கிடைத்த மாதிரி முகம் மலரும். அவருடைய மகளுக்கு இன்னும் சரியாக 'அப்பா' வரவில்லை, 'சதவீதம்' வந்துவிட்டது.

மாடிப்படியின் கீழ் மனைவி சீருடையில் நிற்பாள். குழந்தை இடுப்பில், பை தோளில், கண் தெருவில். கார் நின்றதும் நிற்காததுமாகக் கதவைத் திறந்து குழந்தையைக் கொடுத்துவிட்டு ஓடுவாள். முதல் தாமதத்தில் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த முறையும் சொல்லவில்லை. அதற்கடுத்த முறை காலையில் திரும்பி வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னாள்.

"பெரிய சிஸ்டர் கூப்பிட்டுப் பேசினாங்க. 'இது குழந்தைங்க வார்டும்மா. உங்க வீட்டுக்காரர் வண்டி சார்ஜ் ஏறற வரைக்கும் ஜுரம் காத்துட்டு இருக்காது'ன்னாங்க. நான் என்ன பதில் சொல்லட்டும்?"

"இந்த வாரம் சார்ஜரைத் திறந்துடுவாங்க. விழா வெச்சிருக்காங்க."

"விழாதானே வெச்சிருக்காங்க," என்றாள் அவள்.

விழா நடந்தது. மீட்டருக்கு முத்திரை விழாவிட்டாலும் சார்ஜருக்கு விழா எடுப்பதைத் தடுக்கும் விதி எதுவும் இல்லை என்று உபகுழு கண்டுபிடித்திருந்தது. முந்தின நாள் தராசு ஃபோன் செய்தார்.

"மாப்ள, நாளைக்கு வண்டியை ஃபுல் சார்ஜோட கொண்டு வந்துடு."

"சார்ஜ் போடற விழாவுக்கு எதுக்குடா ஃபுல் சார்ஜ்?"

"அத்தனை பேர் முன்னாடி வண்டி காலியா வந்து நின்னா அசிங்கமா இருக்காதா? நம்ம பிரிவோட மானம்டா."

அதற்காக முத்திரைக்காரர் விடிந்ததும் விடியாததுமாக வணிக வளாகத்துக்குப் போய்க் காத்துக் கிடந்து நிரப்பிக்கொண்டு வந்தார். இயக்குநர் கேபிளைச் செருகினார். சார்ஜருக்குள் மின்சாரம் இல்லை. ஆனால் அதன் நெற்றியில் பச்சை விளக்கு எரிந்தது. தராசு இரண்டு டார்ச் செல்லை உள்ளே வைத்து ஏற்பாடு செய்திருந்தார். காரின் திரையோ 'முழுமை' என்று காட்டியது.

"பாருங்கள்!" என்று முழங்கினார் இயக்குநர். "செருகிய கணத்திலேயே நிரம்பிவிட்டது! வெளிநாடுகளில்கூட இந்த வேகம் இல்லை. சிலர் கேட்கிறார்கள், 'மின்சாரம் எப்போது வரும்?' என்று. மின்சாரம் வரும், போகும். நேர்மை போனால் வருமா? மின்சாரம் இல்லாமலே நேர்மையாக இயங்கும் முதல் சார்ஜர் இது என்பதில் எனக்குப் பெருமை."

கைதட்டிய ஓசையில் முத்திரைக்காரரின் கையோசையும் இருந்தது. நின்ற இடம் அப்படி.

அன்று மாலை தேநீர்க் கடையில் அவர் முகத்தைப் பார்த்துத் தராசுக்கே இரக்கம் வந்துவிட்டது.

"யோசிச்சுட்டேன் மாப்ள. சிக்கல் எங்க இருக்கு? கார் உன் பேர்ல இருக்கு. அதனாலதான் உன் முத்திரை செல்லல. கார் வேற யார் பேர்லயாவது இருந்தா?"

"பொண்டாட்டி பேர்ல மாத்திடவா?"

"உறவுக்காரங்க ஆகாது. உபகுழு ஒத்துக்காது. வெளியாளா இருக்கணும், ஆனா நம்பிக்கையான ஆளா இருக்கணும்." தராசு தேநீரை ஊதினார். "நான் இருக்கேன்டா. பேருக்குத்தான். கூட்டுறவுல கடனையும் என் பேருக்கு மாத்திக்கறேன், உனக்கு ஒரு பைசா நஷ்டம் வராது. நீ முத்திரை போடு. கரண்டு வந்ததும் திரும்ப உன் பேருக்கே மாத்திடலாம்."

"உனக்கு எதுக்குடா இவ்வளவு சிரமம்?"

"அட போடா. நமக்குள்ள என்ன."

முத்திரைக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. பெயர் மாற்றம் மின்னல் வேகத்தில் முடிந்தது. அந்த அலுவலகத்தில் எதுவும் அவ்வளவு வேகமாக நடந்ததில்லை என்பதை அவர் கவனித்திருக்கலாம். கவனிக்கவில்லை. மீட்டரைக் கழற்றி, சோதித்து, மறுபடி சோதித்து, கம்பியைக் கோத்து, ஈயத்தை வைத்து ஓர் அழுத்து அழுத்தினார். தன் வாழ்நாளிலேயே சிறந்த முத்திரை என்று அவருக்கே பட்டது. மின்சாரம் பாய்ந்தது. கார் முதன்முறையாகத் தன் சொந்த வளாகத்தில் குடித்தது.

மாலையில் சாவிக்காகக் கை நீட்டினார்.

"இன்னைக்கு நான் எடுத்துட்டுப் போறேன் மாப்ள," என்றார் தராசு. "ஓனரே ஓட்டலன்னா உபகுழு சந்தேகப்படும்."

மறுநாளும் உபகுழு சந்தேகப்படும் போலிருந்தது. அதற்கடுத்த நாள் காரின் பின்னிருக்கையில் தராசின் பிள்ளைகள் உட்கார்ந்து வந்தார்கள். அதற்கும் அடுத்த நாள், கண்ணாடியில் தராசின் குலப்பெருமை சொல்லும் ஒரு ஸ்டிக்கர் முளைத்தது. முத்திரைக்காரர் நேராக இயக்குநரிடம் போய் நின்றார். தராசும் வரவழைக்கப்பட்டு, வந்து, மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"காரைத் திரும்ப என் பேருக்கு மாத்தணும் சார். அப்படித்தான் பேச்சு."

இயக்குநர் கனிவாகவே பேசினார். "இப்போது திரும்ப வாங்கினால் என்ன அர்த்தம்? முத்திரை போடும்போதே திரும்ப வாங்கும் எண்ணம் இருந்தது என்று அர்த்தம். அந்த எண்ணத்தோடு போட்ட முத்திரை மோசடி முத்திரை. முத்திரை மோசடியென்றால் உங்களுக்கு வேலை போகும், சார்ஜர் நிற்கும், நான் அடுத்த மாநாட்டில் எந்த முகத்தோடு பேசுவேன்? சொல்லுங்கள், அப்படி ஓர் எண்ணம் உங்களுக்கு இருந்ததா?"

எவரும் 'இல்லை' என்று சொல்லிவிடக்கூடிய கேள்வி. சொல்லியிருந்தால், திரும்ப வாங்க வேண்டிய அவசியமே இல்லை என்று ஆகியிருக்கும்.

"இருந்துச்சு சார்," என்றார் முத்திரைக்காரர்.

இயக்குநர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். "உங்கள் நலன் கருதி அது என் காதில் விழவில்லை. உங்களைப் போன்ற நேர்மையாளரை இழக்க நான் தயாராக இல்லை. நீங்கள் போகலாம்."

வெளியே வந்ததும் தராசின் சட்டையைப் பிடித்தார் முத்திரைக்காரர். பிடித்தாரே தவிர இழுக்கத் தெரியவில்லை.

"என்னடா இது?"

"நான் என்னடா பண்றது? கொடுக்கத்தான் நினைக்கறேன். கொடுத்தா உன் வேலை போயிடுமாமே. உன் வேலைக்கு நான் உலை வைக்கவா? அப்படிப்பட்ட ஆளாடா நான்?" தராசின் குரல் தழுதழுத்தது. அவர் உண்மையாகவே வருந்தினார் என்றுதான் சொல்ல வேண்டும். சட்டையைச் சரிசெய்துகொண்டு அந்த வருத்தத்தோடே காருக்குப் போனார்.

மாலையில் பேருந்து நிறுத்தத்தில் கூட்டம் பிதுங்கியது. பேருந்துக்கு அன்று படுக்கும் நாள். சத்தமில்லாமல் ஒரு வெள்ளைக் கார் அருகில் வந்து நின்றது. கண்ணாடி இறங்கியது, உள்ளிருந்து ஏசிக் காற்று முகத்தில் அடித்தது.

"ஏறு மாப்ள. இதுல என்ன இருக்கு. ஏறு."

மனைவி படியின் கீழே நிற்கும் காட்சி கண்முன் வந்தது. மானத்தை நிறுத்தத்திலேயே விட்டுவிட்டு ஏறினார். தராசு பாட்டைக் கூட்டினார், ஏசியையும் கூட்டினார், ஜன்னலைப் பாதி திறந்து கையை வெளியே போட்டுக்கொண்டார். முத்திரைக்காரர் தன்னையறியாமல் திரையைப் பார்த்தார். பேட்டரி வழிய வழிய இருந்தது.

மேட்டுத் தெருவுக்குத் திரும்பும் முக்கில் கார் ஓரங்கட்டி நின்றது.

"இங்கேயே இறங்கிக்கறியா மாப்ள?"

"ஏன்டா? மேலதானே வீடு."

"மேடு ஏறினா சார்ஜ் ரொம்ப எறங்குதுடா. அப்புறம் நான் வீட்டுக்குப் போகணும்ல. உனக்குத் தெரியாததா?"

அவருக்குத் தெரியாததல்ல. இறங்கினார். மேடு முழுவதும் ஓட்டமும் நடையுமாக ஏறினார். மாடிப்படியின் கீழ் யாரும் இல்லை.

மேலே மனைவி வீட்டுப் புடவையில் உட்கார்ந்து குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். சீருடை மடித்து அலமாரியில் இருந்தது.

"போகலையா?"

"பொறுப்பு வேண்டாம்னு சொல்லிட்டேன். வேற ஒருத்திக்குக் குடுத்துட்டாங்க. இனிமே பகல்ல, சாதா வேலை. குழந்தையைக் காப்பகத்துல விட்டுக்கலாம்." அவள் குரலில் கோபம் இருந்திருந்தால் அவருக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். "காரு இன்னைக்கும் வரலையா? கீழ சத்தமே கேக்கல."

காரில் எப்போதும் சத்தம் கேட்காது என்று சொல்ல வாயெடுத்து, அதை விட்டுவிட்டு, நடந்ததையெல்லாம் சொன்னார். தேநீர்க் கடையிலிருந்து தெருமுக்குவரை ஒன்றையும் மறைக்கவில்லை. அவள் குழந்தையின் வாயைத் துடைத்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அந்த முத்திரை, நீங்கதானே போட்டீங்க?"

"நான்தான்."

"சரியா போட்டீங்களா?"

அவருக்குப் பொய் சொல்ல வராது.

"யாராலயும் அசைக்க முடியாது," என்றார்.